தேவதைக்கு எதுக்கு ரிலீவிங் ஆர்டர்?

முதல்ல ஒரு வாக்குமூலம் கொடுத்துடறேன். அதுக்கப்புறம் நீங்க என்னைத் திட்டலாம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஜூலை மாசம். குற்றாலத்துல சீசன் களை கட்டியிருந்த நேரம். மெயின் அருவில கூட்டம், ஐந்தருவி ரோட்டுல வண்டி நகரல, தென்காசி முழுக்க சாரல். சீசன்னா நமக்கு பரோட்டாவும் பார்டர் சிக்கனும் ஞாபகம் வரும். ஆனா பாறைல வழுக்கி விழுந்தவன், ரோட்டுல வண்டிய விட்டவன், கண்டதைத் தின்னுட்டு வாந்தி எடுக்குறவன்னு எல்லாரும் போய்ச் சேர்ற இடம் ஒண்ணு இருக்கே, அந்த கேஷுவாலிட்டி வார்டைப் பத்தி நாம யோசிக்கிறதே இல்ல. எங்க தெருவுல ஒரு அக்கா அப்படி ஒரு தனியார் மருத்துவமனையில ஆறு வருஷமா நர்ஸ். ஊர் பேரும் சொல்லல, மருத்துவமனை பேரும் சொல்லல. ஏன்னு போகப்போகப் புரியும்.

அந்த சீசன்ல தொடர்ந்து டபுள் டியூட்டி. பகல் ஷிஃப்ட் முடிச்சு நைட்டும் பார்க்கணும். அக்கா ஒரு நாள் கேட்டிருக்கா: "நைட்டுக்குத் தனியா சம்பளம் உண்டா, இல்ல லீவாவது உண்டா?" ரெண்டு நாள் கழிச்சு ஒரு போன் வந்துச்சு. "நாளையில இருந்து வர வேண்டாம்மா." அவ்வளவுதான். கடிதம் இல்லை, காரணம் இல்லை. ஆறு வருஷம் ஒரு நிமிஷ போன்ல முடிஞ்சுபோச்சு.

எனக்கு ரத்தம் கொதிச்சது. கையில லேப்டாப் இருக்கு, டிசைன் பண்ணத் தெரியும், சிம்போசியத்துக்கு எத்தனை போஸ்டர் போட்டிருக்கேன்! அக்கா ஸ்டேட்டஸ்ல இருந்து ஒரு போட்டோவை எடுத்தேன். பின்னாடி வெள்ளை ஒளி, மேல "வெள்ளுடை தேவதைக்கு அநீதி", கீழ மருத்துவமனை பேரு பெரிய எழுத்துல. நம்ம டிபார்ட்மெண்ட் குரூப், ஊர் குரூப், ரெண்டு இன்ஸ்டா பக்கம்னு பரப்பி விட்டேன். ராத்திரிக்குள்ள எங்கெங்கேயோ போயிடுச்சு. யாரோ ஒருத்தர் கண்ணீர் இமோஜியோட கவிதை வேற எழுதியிருந்தார். நானும் ஏதோ சாதிச்ச மாதிரி தூங்கிட்டேன்.

மூணாவது நாள் அக்கா வீட்டு வாசல்ல வந்து நின்னா.

"ஏல, யார் கேட்டுல போட்டே? பக்கத்து ஊர்ல ஒரு ஆஸ்பத்திரில இன்டர்வியூக்குப் போனேன். அந்த மேனேஜர் போனை எடுத்து உன் போஸ்டரைத்தான் காட்டுதாரு. 'நீங்கதானம்மா இது? நாளைக்கு எங்க பேரையும் இப்படிப் போடுவீங்களா'ன்னு கேக்காரு. நீ வாங்கின லைக்கை வச்சு நான் அரிசி வாங்க முடியுமால?"

நான் போஸ்டரை அழிச்சேன். ஆனா அது ஏற்கெனவே எத்தனையோ போன்ல உட்கார்ந்திருந்தது. அதை எப்படி அழிக்கிறது?

ஒரு நர்ஸை வேலையை விட்டு எடுத்தா ஊரே குரல் கொடுக்கணும்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன். பேசாம இருங்கன்னு சொல்ல இந்தக் கட்டுரையை எழுதல. ஆனா நம்ம குரல் எதைக் கேட்குது? கருணையா, நியாயமா? ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஒண்ணு இல்ல. தேவதை, தியாகம், சேவைன்னு பேச ஆரம்பிச்ச உடனே, அந்தப் பொண்ணு சம்பளத்துக்கு வேலை பாக்குற ஒரு தொழிலாளிங்கிறது மறைஞ்சு போகுது. தேவதைக்கு ஓவர்டைம் உண்டா? பி.எஃப். உண்டா? தேவதையை யாராவது நோட்டீஸ் கொடுத்தா நீக்குவாங்க? நான் போட்ட போஸ்டர்ல 'நியமன உத்தரவு எங்கே, நீக்கிய உத்தரவு எங்கே'ன்னு ஒரு வரி இல்லை. மருத்துவமனைக்கு எதிரா போட்டேன்னு நினைச்சேன். உண்மையில அவங்க ஒரே ஒரு கேள்விக்குக்கூட பதில் சொல்ல வேண்டிய அவசியம் வரல.

இது தெருவுக்குள்ள நடந்த கதை. மாநிலம் முழுக்கப் பார்த்த ஒரு கதையும் இருக்கு, உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு பாருங்க.

2020ல கொரோனா வந்தப்போ தமிழக அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா ஆயிரக்கணக்கான செவிலியர்களை ஒப்பந்த அடிப்படையில எடுத்தது. மாசம் 14,000 ரூபாய். பிபிஇ கிட்டுக்குள்ள வேர்த்து ஊத்த வேலை பார்த்தாங்க. நாம மொட்டை மாடியில நின்னு தட்டைத் தட்டினோம். அப்புறம் 2022 டிசம்பர் 30ஆம் தேதி ஒரு அரசாணை. டிசம்பர் 31க்கு மேல பணி நீட்டிப்பு கிடையாது. ஒரு நாள் இடைவெளி. சுமார் 2,400 பேர் புத்தாண்டு அன்னைக்கு வேலை இல்லாம முழிச்சாங்க. சேலத்துல, சென்னையில, வேற பல ஊர்கள்ல தெருவுல வந்து உட்கார்ந்தாங்க. நிரந்தரமாக்குவோம்னு தேர்தல் அறிக்கையில சொன்னது என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. அமைச்சர் மா. சுப்பிரமணியன், மாற்றுப் பணி தர்றோம், சம்பளம் 18,000 ஆகும்னு சொன்னார். அதுவும் ஒப்பந்தம்தானே, எங்களுக்கு நிரந்தரம் வேணும்னு அவங்க சொன்னாங்க.

இதை ஒரு கட்சி மேல மட்டும் போட்டுட்டுப் போக முடியாது. 2015ல அதிமுக ஆட்சியில தேர்வு எழுதி வந்த செவிலியர்களுக்கு மாசச் சம்பளம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு நம்பி வந்தவங்க, 2017 நவம்பர்ல தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல ஆயிரக்கணக்குல வந்து உட்கார்ந்தாங்க. உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்தான் அந்தப் போராட்டம் நின்னுச்சு. சம்பளம் 14,000 ஆனது அதுக்குப் பிறகுதான். ஆட்சி மாறும், 'தொகுப்பூதியம்'ங்கிற வார்த்தை மட்டும் மாறாது.

இந்த ரெண்டு போராட்டத்துலயும் நான் கவனிச்ச விஷயம் ஒண்ணு. 2023 ஜனவரியில உட்கார்ந்த செவிலியர்கள் 'நாங்க தேவதைகள், எங்களைக் காப்பாத்துங்க'ன்னு அதிகமாப் பேசல. 'வாரியம் நடத்தின தேர்வை எழுதி, தரவரிசைப்படி வந்தவங்க நாங்க'ன்னு சொன்னாங்க. அரசு பேச்சுக்கு உட்கார வேண்டி வந்ததும், விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனதும் அந்த வாதத்தாலதான்னு நான் நினைக்கிறேன். தேவதைப் பாட்டு பாடினது வெளியில நின்ன நாம. அதுவும் ரெண்டு மூணு நாள். பொங்கல் வந்தது, 'துணிவு' 'வாரிசு' ரிலீஸ் ஆச்சு, நம்ம ஸ்டேட்டஸும் மாறிடுச்சு.

சரி, தனியார் மருத்துவமனையில ஒரே ஒரு நர்ஸை நீக்கினா சட்டம் என்ன சொல்லுது? நாம இன்ஜினியரிங் பசங்க, சட்டம்னா கொட்டாவி வரும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இது நமக்கும் வேணும்.

1970ல சஃப்தர்ஜங் மருத்துவமனை வழக்குல உச்ச நீதிமன்றம், மருத்துவமனை ஒரு 'தொழில்' ஆகாதுன்னு சொல்லிடுச்சு. சேவைன்னு சொல்லி நிறுத்தியாச்சு. அப்படின்னா அங்க வேலை பாக்குறவங்களுக்குத் தொழில் தகராறு சட்டத்தோட பாதுகாப்பு கிடையாது. எட்டு வருஷம் கழிச்சு, 1978ல, பெங்களூர் குடிநீர் வாரிய வழக்குல ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மாத்துச்சு. முக்கியமான தீர்ப்பை எழுதினவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து, முறையா அமைக்கப்பட்ட ஒரு வேலையைச் செஞ்சு, மக்களுக்குத் தேவையானதைக் கொடுத்தா அது தொழில்தான், லாப நோக்கம் இருக்கா இல்லையாங்கிறது கேள்வியே இல்லைன்னு வந்தது. மருத்துவமனை அதுக்குள்ள வந்துடுச்சு. தேவதை தொழிலாளி ஆன வருஷம் 1978னு சொல்லலாம்.

அதுக்கும் முன்னாடியே, 1965ல சட்டத்துல 2ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. சங்கம் இல்லாத, தனி ஆள் ஒருத்தரை நீக்கினாலும் அது தொழில் தகராறுதான்னு அந்தப் பிரிவு சொல்லுது. கூட நாலு பேர் வரணும்னு அவசியம் இல்லை. அந்த அக்கா ஒருத்தி மனு கொடுத்தா போதும். வருஷத்துல 240 நாள் வேலை பார்த்தவரைக் குற்றச்சாட்டு எதுவும் இல்லாம ஆட்குறைப்புன்னு நீக்கினா ஒரு மாச நோட்டீஸ், முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். தப்பு பண்ணினான்னு நீக்குறதா இருந்தா குற்றப் பத்திரிகை கொடுத்து, பதில் வாங்கி, விசாரணை நடத்தணும். போன்ல ஒரு வாக்கியம் சொல்றது இது எதுலயும் சேராது.

2025 நவம்பர் 21ல இருந்து அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலா தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கு. தனி ஆள் மனு கொடுக்கலாம்ங்கிறது அதுலயும் இருக்கு. ஆனா முன்னாடி மூணு வருஷத்துக்குள்ள போகலாம்னு இருந்த கெடு இப்போ ரெண்டு வருஷம். இன்னொரு விஷயமும் கவனிங்க: தர்ம காரியம், சமூக சேவை பண்ற அமைப்புகள் நடத்துற நிறுவனங்கள் 'தொழில்'ங்கிற வரையறைக்குள்ள வராதுன்னு புதுசா சேர்த்திருக்காங்க. எத்தனை மருத்துவமனை அறக்கட்டளை பேர்ல நடக்குதுன்னு நம்ம பக்கத்துலயே பாருங்க. 1978ல வெளியே அனுப்பின 'சேவை'ங்கிற வார்த்தை, பின் வாசல் வழியா திரும்ப உள்ள வந்து உட்காருதோன்னு எனக்குப் பயம். நாம போஸ்டர்ல 'சேவை'ன்னு எழுதும்போது யாருக்கு வாதம் எடுத்துக் கொடுக்கிறோம்னு இப்போ தெரியுதா?

இனி மலைக்கு அந்தப் பக்கம் போவோம். செங்கோட்டையில ரயில் ஏறினா ஆரியங்காவு, தென்மலை, புனலூர்னு கேரளா. அங்கே ஆலப்புழா மாவட்டம் சேர்த்தலாவுல கேவிஎம் மருத்துவமனை. 2017ல ரெண்டு செவிலியர்களை நீக்கினாங்க. அந்த நீக்கமும், குறைந்தபட்ச ஊதியமும், மூணு ஷிஃப்ட் முறையும் சேர்ந்து ஆகஸ்ட்ல வேலைநிறுத்தம் ஆச்சு. எட்டு மாசம் நடந்தது. கவனிங்க, எட்டு மாசம்! நம்ம ஒரு செமஸ்டரை விட நீளம். யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன்ங்கிற சங்கம் பின்னாடி நின்னுச்சு. 2011ல மும்பையில ஒரு மலையாளி செவிலியர் தற்கொலை பண்ணிக்கிட்டப்போ, பாண்டுன்னு சொல்லி சான்றிதழைப் பிடிச்சு வைக்கிற கொடுமை வெளியில வந்துச்சே, அந்த அலையில பிறந்த சங்கம் இது. 2018 ஏப்ரல் 24ஆம் தேதி சேர்த்தலாவுல இருந்து திருவனந்தபுரம் தலைமைச் செயலகம் வரைக்கும் நடந்தே போறோம்னு அறிவிச்சாங்க. அதுக்கு முந்தின நாள், 23ஆம் தேதி, கேரள அரசு ஊதிய அறிவிக்கையை வெளியிட்டது. தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய். நடைப்பயணம் கைவிடப்பட்டது.

ரெண்டு பேரோட வேலையில தொடங்கினது ஒரு மாநிலத்தோட சம்பளப் பட்டியல்ல போய் நின்னுச்சு. 'பாவம் அந்த ரெண்டு பொண்ணுங்க'ன்னு மட்டும் பேசியிருந்தா ஏதாவது ஒரு சமரசத்துல முடிஞ்சிருக்கும். இன்னொன்னையும் மறைக்காம சொல்லணும். அந்தச் சங்கத்து நிதியில முறைகேடுன்னு 2019ல புகார் வந்து போலீஸ் விசாரணை வரைக்கும் போச்சு. புகார் உண்மையா பொய்யாங்கிறது வேற விஷயம். நல்ல காரியத்துக்கு வசூல் பண்ணும்போதும் ரசீதும் கணக்கும் எழுதி வைக்கணும். ஜிபே நம்பரை போஸ்டர்ல போடுற நம்ம பசங்களுக்கும்தான் சொல்றேன்.

சம்பளம்னு வந்ததால ஒரு விவரம். 2016 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லி, மத்திய அரசு ஒரு குழு போட்டுச்சு. 50 படுக்கைக்குக் கீழ இருக்கிற தனியார் மருத்துவமனையில கூட செவிலியர் சம்பளம் 20,000க்குக் குறையக் கூடாதுன்னு அது பரிந்துரைச்சது. 200 படுக்கைக்கு மேல இருந்தா அரசுச் செவிலியருக்குச் சமமா கொடுக்கணும். பரிந்துரை மாநிலங்களுக்குப் போச்சு. அமல்படுத்த வேண்டியது மாநிலங்கள். உங்க வீட்டுலயோ தெருவுலயோ நர்சிங் முடிச்சவங்க இருந்தா சம்பளம் எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க. நான் கேட்டேன். எழுத மனசு வரல.

இப்போ எதிர்க்கேள்விகள். நான் இதைப் பேசினப்போ ஹாஸ்டல்லயே வந்தது. "மச்சி, சின்ன ஊர் ஆஸ்பத்திரி, அவங்களால எங்க கொடுக்க முடியும்?" நியாயமான கேள்விதான். கொடுக்க முடியலைன்னா கணக்கைக் காட்டிப் பேசலாம். ஆனா கடிதம் கொடுக்கவும், காரணம் சொல்லவும், சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கவும் என்ன செலவு? ஒரு பேப்பர், ஒரு கையெழுத்து, ஒரு சீல். "நர்ஸ் பக்கம் தப்பு இருந்தா? தப்பான ஊசி போட்டிருந்தா?" இருக்கலாம். எல்லா நீக்கமும் அநியாயம்னு நான் சொல்லல. நோயாளி உயிர் சம்பந்தப்பட்ட தப்பு நடந்திருந்தா கண்டிப்பா நடவடிக்கை எடுக்கணும். அதனாலதான் விசாரணை வேணும்ங்கிறேன். விசாரணை இல்லைன்னா தப்பு பண்ணினவங்களும், நைட் டியூட்டிக்குச் சம்பளம் கேட்டவங்களும் ஒரே மாதிரி வெளியே போவாங்க. ஊருக்கு வித்தியாசம் தெரியாது. நோயாளிக்கும் அது நல்லதில்லை.

இதெல்லாம் நர்ஸ் கதை, நமக்கென்னன்னு நினைக்கிறவங்களுக்கு: 2015 ஜனவரியில சென்னையில டிசிஎஸ் நிறுவனத்துல ஒரு பெண் ஊழியரை நீக்கினாங்க. அப்போ அவங்க கர்ப்பிணி. உயர் நீதிமன்றம் போனாங்க, இடைக்காலத் தடை கிடைச்சது, நிறுவனம் அந்த உத்தரவைத் திரும்ப வாங்கிக்கிச்சு. ஐடி ஊழியரும் தொழிலாளிதான்ங்கிற பேச்சு சத்தமா கேட்க ஆரம்பிச்சதே அப்போதான். நம்மளும் பிளேஸ்மென்ட் அன்னைக்கு ஆஃபர் லெட்டரைப் பிடிச்சுக்கிட்டு போட்டோ எடுக்கிறோம். அதுல எத்தனை மாசம் நோட்டீஸ், பாண்டு எவ்வளவு, ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்கிறாங்களான்னு யாராவது படிக்கிறோமா? போன வருஷம் நம்ம சீனியர் ஒருத்தர் ஒரு சின்ன கம்பெனியில ஒரிஜினல் மார்க்ஷீட்டைக் கொடுத்துட்டு திரும்ப வாங்க நாலு மாசம் அலைஞ்சார்.

சரி, போஸ்டரை அழிச்ச பிறகு என்ன ஆச்சு?

அக்கா, நான், அப்புறம் தொழிற்சங்கத்துல இருந்த ஒரு மாமா, மூணு பேரும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தோம். மாமா கேட்ட முதல் கேள்வி, "எந்தக் காகிதம்மா இருக்கு?" அக்காகிட்ட நியமன உத்தரவு இல்லை. கொடுக்கவே இல்லையாம். அக்காவுக்கு முகம் விழுந்துபோச்சு. மாமா விடல. பி.எஃப். பிடிச்சாங்களா? பிடிச்சாங்க. அப்போ பாஸ்புக்ல நிறுவனத்துப் பேரு மாசம் மாசம் இருக்கும். பேங்க் ஸ்டேட்மெண்ட்ல சம்பளம் வந்த தேதி. வாட்ஸ்அப்ல அனுப்பின டியூட்டி சார்ட், அதுல அக்கா பேருக்கு நேரே ரெண்டு ஷிஃப்ட். வரவேண்டாம்னு வந்த போனோட தேதி, நேரம். என் வேலை எல்லாத்தையும் தேதி வாரியா ஒரு எக்செல் ஷீட்ல அடுக்குறது. அந்தப் போஸ்டரை விட உருப்படியா நான் பண்ணின டிசைன் அதுதான்.

முதல்ல மருத்துவமனைக்குப் பதிவுத் தபால்ல ஒரு கடிதம். ஒரு பக்கம். அழுகை இல்லை, தேவதை இல்லை. 'இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரை பணிபுரிந்தேன். நீக்கியதற்கான எழுத்துப்பூர்வ உத்தரவும் காரணமும், நிலுவைச் சம்பளமும், அனுபவச் சான்றிதழும், என் அசல் சான்றிதழ்களும் தேவை.' பதினஞ்சு நாள் பார்த்துட்டு தொழிலாளர் துறை அலுவலகத்துல மனு. சமரச அலுவலர் ரெண்டு தரப்பையும் கூப்பிட்டார். முதல் தேதிக்கு அவங்க தரப்புல யாரும் வரல. ரெண்டாவது தேதிக்கு ஒரு அக்கவுன்டன்ட் வந்தார். மூணாவது தேதிக்கு வக்கீலே வந்துட்டார். பதிவுத் தபால் ரசீது அக்கா கையில இருந்தது.

வேலை திரும்பக் கிடைக்கல. அதை மறைச்சு எழுதினா நானும் சினிமா எடுக்கிற மாதிரி ஆயிடும். வழக்கா கொண்டு போயிருந்தா ஒருவேளை கிடைச்சிருக்கலாம். வருஷக்கணக்கா அலைய வீட்டுல நிலைமை இல்லை. நிலுவைச் சம்பளம் வந்தது, நோட்டீஸ் சம்பளம் வந்தது, ஒரிஜினல் சர்டிபிகேட் வந்தது. அனுபவச் சான்றிதழ்ல முதல்ல நாலு வருஷம்னு போட்டிருந்தாங்க. பி.எஃப். பாஸ்புக்கைக் காட்டி ஆறுன்னு மாத்த வச்சோம். அந்த ரெண்டு வருஷ வித்தியாசம் இப்போ அக்கா வேலை பாக்குற இடத்துல மாசச் சம்பளத்துல தெரியுது. இப்போ திருநெல்வேலியில, ஐசியூவுல. தினமும் ரயில்ல போயிட்டு வர்றா.

சான்றிதழ் கைக்கு வந்த அன்னைக்கு அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தா. கீழே ஒரு வாய்ஸ் நோட்.

"பாத்தியால? சீலோட வந்துட்டு. இதத் தூக்கி ஸ்டேட்டஸ்ல போட்டுராத, என்ன!"